அணைந்ததா, ஓய்ந்திருந்ததா?



மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் வண்ணார்பேட்டையிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வரைந்துள்ளார். ‘இறந்த கருந்துளை உயிர்த்தெழுந்தது’ என்று செய்தித்தாள் ஒன்று கொட்டை எழுத்தில் வெளியிட்ட தலைப்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. “சுவாமி, பல கோடி ஆண்டுகள் செத்துக் கிடந்தது மீண்டும் எழுந்தது என்று அறிவியலாரே சொல்லிவிட்டார்கள். உயிர்ப்புப் பெருவிழாவையொட்டிய வகுப்பில் இதை ஒரு சான்றாகப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?” என்பது அவர் வினா. கடிதத்தின் அடியில், அவ்வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுப்பிய ஐயத்தையும் குறித்திருக்கிறார்: “எல்லாவற்றையும் விழுங்குவதுதானே கருந்துளை? அதிலிருந்து எதுவும் வெளியே வராது என்றால், இது மட்டும் எப்படி வந்தது?”

ஆசிரியையின் வினாவுக்கு விடை சுருக்கமானது: சொல்ல வேண்டாம். சிறுவனின் வினாவுக்கு விடை நீண்டது. இத்திங்கள் நம் பக்கம் முழுவதும் அதற்கே உரியது. நீண்ட விடையைக் கேட்டு முடித்தபின், சுருக்கமான விடைக்குரிய காரணம் தானே விளங்கும்.

இரு மடல்கள்

ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு ஓர் ஒளியாண்டு எனப்படும். அது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். நம் கதிரவனும் எண்ணற்ற விண்மீன்களும் கூடிய பால்வழி மண்டலத்தை ஓர் ஓரத்திலிருந்து மற்றோர் ஓரம்வரை கடக்க ஒளிக்கே ஏறத்தாழ 1 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். இத்தகைய விண்மீன் மண்டலங்கள் வானவெளியில் கணக்கிலடங்கா. அவற்றுள் சில, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மட்டுமன்றி, வலிமை மிக்க ரேடியோ அலைகளையும் வெளியிடுகின்றன. நம் வீட்டு வானொலிப் பெட்டி பற்றிக்கொள்ளும் அலைகளின் இனத்தைச் சேர்ந்தவையே அவை; ஆனால் எந்த நிலையமும் ஒலிபரப்பாதவை.

அவ்வலைகள் மண்டலத்தின் எப்பகுதியிலிருந்து வருகின்றன? இதற்கு எதிர்பாராத விடையைக் கண்டவர்களுள் ஒருவர் நம் நாட்டவர். வங்காளத்தைச் சேர்ந்த மிருணாள் குமார் தாஸ்குப்தா என்பாரும் ரோஜர் ஜெனிசன் என்பாரும், இங்கிலாந்து நாட்டு ஜோட்ரல் பாங்க் ஆய்வு நிலையத்தில் ‘சிக்னஸ் ஏ’ எனும் மண்டலத்தை ஆராய்ந்தனர். ரேடியோ அலைகளின் பெரும்பகுதி மண்டலத்தின் உடலிலிருந்து வரவில்லை. அதற்கு இருபுறமும் வெகுதொலைவில், வெறுவெளி என எண்ணப்பட்ட இடத்தில் அமைந்த இரு பெரும் பரப்புகளிலிருந்து வந்தது. 1953ஆம் ஆண்டு அவர்கள் இதனை வெளியிட்டனர். தும்பியின் இரு சிறகுகளைப் போல் விரிந்த அப்பரப்புகளை மடல்கள் என்று அழைப்போம்.

அம்மடல்களுக்கு ஆற்றல் செல்லும் வழி பின்னர் தெளிவாயிற்று. மண்டலத்தின் நட்டநடுவிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் இரு தாரைகள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிட்டுச் செல்கின்றன. வழியிலுள்ள மெல்லிய வாயுவை முட்டித் துளைத்து, முனையில் மோதிச் சிதறி, மடலாகப் பரவுகின்றன. மோதும் இடம் பளிச்சென ஒளிரும். அதனை ஒளிர்முனை என்போம். ஆக, மடல் என்பது தேக்கம்; தாரை என்பது வாய்க்கால்; நடுவிலுள்ளதே ஊற்று.

1974ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு வானியலார் ‘3சி 236’ எனும் மண்டலத்தின் மடல்களை அளந்தபோது உலகமே வியந்தது. ஒரு மடலின் முனையிலிருந்து மறு மடலின் முனைவரை ஏறத்தாழ 1.4 கோடி ஒளியாண்டுகள் என்பது இன்றைய கணக்கு. நம் பால்வழி மண்டலத்தைப் போன்ற 140 மண்டலங்களை வரிசையாக அடுக்கினாலொழிய அந்நீளம் நிரம்பாது. ஏறத்தாழ 23 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு மேல் நீண்டவற்றை இராட்சத ரேடியோ மண்டலங்கள் என இன்று வகைப்படுத்துகின்றனர். 2024ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ‘போர்ஃபீரியன்’ எனும் இணைத்தாரையின் நீளம் ஏறத்தாழ 2.3 கோடி ஒளியாண்டுகள்.

விழுங்குவது எவ்வாறு உமிழும்?

இனிச் சிறுவனின் ஐயத்துக்கு வருவோம். பெரிய மண்டலங்களின் நடுவில், கதிரவனைப்போல் பல இலட்சம் மடங்கு முதல் பல நூறு கோடி மடங்குவரை நிறை கொண்ட கருந்துளை உறைகின்றது. எம்87 எனும் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழலுருவம் 2019இல் வெளியிடப்பட்டதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதன் நிறை ஏறத்தாழ 650 கோடி கதிரவன்களின் நிறை.

கருந்துளையின் எல்லைக்குள் விழுந்த எதுவும் மீள்வதில்லை என்பது உண்மையே. ஆனால் விழவரும் வாயு நேரே விழுவதில்லை. தொட்டியின் துளைவழி இறங்கும் நீர் சுழன்று சுழன்று இறங்குவது போல, அவ்வாயுவும் எல்லைக்கு வெளியே தட்டாகச் சுழல்கின்றது, உராய்ந்து கொதிக்கின்றது, காந்தப்புலத்தைத் தன்னோடு இழுத்து வருகின்றது. கருந்துளையும் தன் அச்சில் பம்பரம்போல் சுழல்வது. அச்சுழற்சியில் முறுக்கேறிய காந்தப்புலம், எல்லைக்கு வெளியிலுள்ள பொருளின் ஒரு பகுதியை அச்சின் இருமுனைகள் வழியாக வீசி எறிகின்றது. கருந்துளையின் சுழற்சியிலிருந்தே இவ்வாறு ஆற்றலைப் பெற இயலும் என்பதை 1977இல் பிளாண்ட்ஃபோர்டு, ஸ்னாயக் எனும் இருவர் கணித வழியில் காட்டினர்.

எனவே, தம்பி, உன் ஐயம் சரியானதே. விழுங்கப்பட்டது திரும்பி வருவதில்லை. விழுங்கப்படும் வாயிலில் நின்றதே வீசப்படுகின்றது. இதிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. உணவு வரும்வரைதான் தாரை பாயும். உணவு நின்றால் தாரை நிற்கும். கருந்துளையோ எங்கும் போய்விடுவதில்லை. பசியோடு அங்கேயே இருக்கும்.

உதகையும் கோடாடும்

இத்தகைய ஆய்வில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. உதகமண்டலத்தை அடுத்த முத்தொரை எனும் இடத்தில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கி ஒன்று நிற்கின்றது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் (1929–2020) வகுத்த திட்டம் அது, 1970இல் நிறைவுற்றது. 24 வளைந்த சட்டங்களின்மீது 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன.

அவ்விடத்தைத் தெரிந்தெடுத்த காரணம் கருதத்தக்கது. உதகை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே உள்ளது. அதே 11 பாகை சரிவுடைய ஒரு மலைப்பக்கம், அதுவும் வடக்குத் தெற்காக அமைந்தது, தேடிப் பிடிக்கப்பட்டது. அச்சரிவில் படுத்த தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகின்றது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர இயலும். செல்வ நாடுகள் பெரும் பொருட்செலவில் இயந்திரத்தைக் கொண்டு செய்ததை, இங்கு மலையின் சாய்வே செய்தது.

அத்தொலைநோக்கி நிலவைத் துணைக்கொண்டது. நிலவு தன் வழியில் ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது, அலைகள் சட்டென நின்றால் மூலம் சிறியது. படிப்படியாகக் குறைந்தால் அகன்றது. இம்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொலைதூர மூலங்களின் வடிவு அளக்கப்பட்டது. அவ்வளவைகளைக் கொண்டு விஜய் கபாஹி 1970களில் ஆராய்ந்து, தொன்மைக் காலத்துப் பேரண்டம் இன்றைய பேரண்டத்தைப் போன்றதன்று, அது மாறி வளர்ந்துள்ளது என்பதற்கு ஆதரவு தேடித் தந்தார். அக்கருத்தின் முன்னோடிகளுள் ஒருவர் பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமைத்ர் என்பதை நம் இல்லத்தார் அறிந்திருப்பது நன்று. விரிவடையும் பேரண்டம் பற்றி 1927இலும், அதன் முதல் நிலை பற்றி 1931இலும் அவர் எழுதினார்.

உதகையில் பயின்ற கைகளே பின்னர் புனே நகருக்கு வடக்கே, நாராயண்காவ் அருகில் கோடாடு எனும் சிற்றூரைச் சூழ, 45 மீட்டர் விட்டமுடைய 30 பெருந்தட்டுகளை 25 கிலோமீட்டர் பரப்பில் நிறுவின. கோவிந்த் ஸ்வரூப்பே அதற்கும் தலைமை தாங்கினார். நீளமான, ஆற்றல் குறைந்த ரேடியோ அலைகளைக் கேட்பதில் உலகின் சிறந்த கருவிகளுள் ஒன்று அது. முதிர்ந்து மங்கிய மடல்கள் அவ்வலைகளில்தான் கடைசிவரை மிஞ்சி நிற்கும். இது ஏன் என்பதை அடுத்துக் காண்போம்.

இரட்டைக்குள் இரட்டை

ஒரு மண்டலத்துக்கு ஓர் இணை மடல்கள் இருப்பது இயல்பு. ஆனால் சிலவற்றில் பெரிய இணைக்கு உள்ளே, அதே நேர்கோட்டில், சிறிய இணை ஒன்றும் இருக்கக் கண்டனர். வெளி மடல்கள் மங்கி விரிந்தவை. உள் மடல்கள் சிறியவை. நடுவிலுள்ள ஊற்று மட்டும் ஒன்றே. 2000ஆம் ஆண்டில் ஷூன்மேக்கர்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் இவற்றை ‘இரட்டை-இரட்டை மண்டலங்கள்’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தனர். தாரை ஒருமுறை பாய்ந்து, நின்று, மறுமுறை பாய்ந்தது என்பதே அவர்கள் கண்ட பொருள். பெரும்பாலானவை இராட்சத மண்டலங்களாகவே இருந்தன. பெரிதாக வளரக் காலம் வேண்டும். நீண்ட காலத்தில்தான் ஊற்று ஓய்வதற்கும் மறுபடி பொங்குவதற்கும் வாய்ப்பு மிகுதி.

உள்ளிணையும் வெளியிணையும் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் அமைவது ஏன்? பம்பரத்தின் அச்சை எளிதில் சாய்க்க இயலாது. இடையில் எவ்வளவு காலம் ஓய்ந்திருந்தாலும் கருந்துளையின் சுழற்சி அச்சு அதே திசையில் நிலைத்திருக்கின்றது. மீண்டும் பாயும் தாரை பழைய வழியையே பிடிக்கின்றது. இரண்டாம் முறை பொங்கியது வேறோர் ஊற்றன்று, பழைய ஊற்றே என்பதற்கு இது வலுவான சான்று.

‘பி0925+420’ எனும் மண்டலத்தில் மூன்று இணைகள் இருப்பதை 2007இல் அறிவித்தனர். 2011இல் ஆனந்த ஹோதா என்பாரும் அவர் குழுவினரும் ‘ஸ்பெகா’ எனப் பெயரிட்ட மண்டலத்தில் மூன்று முறை பாய்ச்சல் நிகழ்ந்த தடயத்தைக் கண்டனர். கோடாட்டுத் தட்டுகள் அதற்கும் உதவின. பெருமடல்கள் பொதுவாக உருண்டை வடிவ மண்டலங்களிலேயே காணப்படும். ஸ்பெகாவோ நம் பால்வழியைப் போல் சுருள் வடிவினது என்பது அதன் தனிச்சிறப்பு.

ஈரத் துணியும் வயது கணக்கும்

ஓய்வு எத்துணைக் காலம் என்பதை எவ்வாறு அறிந்தனர்? அங்கே நாட்குறிப்பு எழுதியவர் எவருமில்லை. அறிந்த முறையை விளக்க நம் ஊரே உவமை தருகின்றது.

வண்ணார்பேட்டை எனும் பெயரே துணி வெளுக்கும் தொழிலைச் சுட்டுவது. தாமிரபரணிப் படித்துறையில் துணி உலர்த்துவோர் ஒரு வேட்டியைத் தொட்டுப் பார்த்தே, அது விரித்து எவ்வளவு நேரமாயிற்று எனக் கூறிவிடுவர். மெல்லிய உடற்பகுதி முதலில் உலரும். தடித்த கரையும் மடிப்பும் கடைசிவரை ஈரம் காக்கும். எப்பகுதி உலர்ந்தது, எப்பகுதி ஈரமாயுள்ளது என்பதே கடிகாரம்.

மடல்களிலும் அவ்வாறே. அங்குள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை வீசுகின்றன. ஆற்றல் மிக்க எலக்ட்ரான் குறுகிய அலைகளை மிகுதியாக வீசி, தன் ஆற்றலை விரைவில் செலவிட்டு ஓய்கின்றது. ஆற்றல் குறைந்தது நீண்ட அலைகளைச் சிக்கனமாக வீசி நெடுநாள் நிலைக்கின்றது. ஊற்றிலிருந்து புதிய எலக்ட்ரான்கள் வருவது நின்றவுடன் குறுகிய அலைகள் முதலில் மறையும். நீண்ட அலைகள் பின்னரே மங்கும். ஒரு மடலைப் பல அலைநீளங்களில் அளந்து, எந்த அலைவரை உலர்ந்துவிட்டது எனப் பார்த்தால் அதன் வயது கிட்டும்.

இராட்சத மடல்களில் இன்னொரு செலவும் உண்டு. அங்கே காந்தப்புலம் மிக மெலிந்தது. எனவே எலக்ட்ரான்கள் தம் ஆற்றலின் பெரும்பகுதியை, வெளியெங்கும் நிறைந்துள்ள பழம்பெரும் பின்னணிக் கதிர்வீச்சோடு மோதியே இழக்கின்றன. பேரண்டத்தின் கொதிநிலைத் தொடக்கத்தின் எச்சமாகிய அக்கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி 1965இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மறைந்த குரு லெமைத்ர், தம் இறுதி நாள்களில் அச்செய்தியைக் கேட்டறிந்தார்.

இம்முறையில் இந்தியர் செய்த ஆய்வு ஒன்றைக் காண்போம். கோனார், சைகியா ஆகிய இந்திய வானியலாரும், யாம்ரோசி, மக்கால்ஸ்கி எனும் போலந்து நாட்டவரும் 2006இல் ‘ஜே1453+3308’ எனும் மண்டலத்தைப் பற்றி எழுதினர். கோடாட்டுத் தட்டுகளும் அமெரிக்க நாட்டின் பெருந்தொலைநோக்கி வரிசையும் அளவைகளைத் தந்தன. வெளியிணையின் நீளம் ஏறத்தாழ 42 இலட்சம் ஒளியாண்டுகள். அதன் இரு மடல்களின் வயது ஏறத்தாழ 4.7 கோடியும் 5.8 கோடியும் ஆண்டுகள். உள்ளிணையின் நீளம் ஏறத்தாழ 5 இலட்சம் ஒளியாண்டுகள். அதன் வயதோ ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளே. பாட்டனும் பேரனும் ஒரே திண்ணையில் அமர்ந்த காட்சி எனலாம்.

கடைமடை வயலுக்குத் தெரியாத செய்தி

உழவர் குடும்பத்தார்க்கு எளிதில் விளங்கும் மற்றொரு சான்றும் உண்டு. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கால்வாய்கள் பிரிந்து காருக்கும் பிசானத்துக்கும் நீர் தருகின்றன. தலைமதகை அடைத்த கணமே கடைமடை வயலில் நீர் நின்றுவிடுவதில்லை. கால்வாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நீர் வந்து சேரும்வரை அங்கே பாய்ச்சல் நடக்கும். மதகு அடைபட்ட செய்தி கடைமடைக்குத் தெரிவது பின்னரே.

‘பி1834+620’ எனும் இராட்சத மண்டலத்தில் இதே நிலை காணப்பட்டது. உள்ளே புதிய இணை தோன்றிவிட்டது. அதாவது மதகு அடைபட்டு, மறுபடி திறக்கவும் பட்டுவிட்டது. ஆயினும் பழைய வெளிமடல் ஒன்றின் ஒளிர்முனை இன்னும் பளிச்சிடுகின்றது. முதற்பாய்ச்சலின் கடைசி நீர் அப்போதுதான் கடைமடையை எட்டியது என்பதே பொருள். ஆகவே இங்கு ஓய்வுக்காலம் நீண்டதாக இருக்க இயலாது. சில பத்து இலட்சம் ஆண்டுகளே எனக் கணித்தனர். பல மண்டலங்களை ஆராய்ந்ததில், ஓய்வு சில இலட்சம் ஆண்டுகள் முதல் சில கோடி ஆண்டுகள்வரை வேறுபடுவது தெரிகின்றது.

இரண்டாம் பாய்ச்சலின் வேகமும் கால்வாயை நினைவூட்டுவதே. வறண்ட கால்வாயில் முதல் நீர் மண்ணும் சருகும் தடுக்க மெல்ல நகரும். நனைந்த கால்வாயில் அடுத்த நீர் விரையும். முதல் தாரை வழியிலிருந்த வாயுவை விலக்கி ஒரு கூட்டை அமைத்துவிட்டது. இரண்டாம் தாரை அம்மெலிந்த கூட்டினூடே மிக விரைந்து செல்கின்றது.

ஊற்று ஏன் ஓய்கிறது?

உணவாகும் வாயு தீர்வதே அடிப்படைக் காரணம். அது மறுபடி வருவதற்குப் பல வழிகள் உள. அண்டை மண்டலம் ஒன்று மோதிக் கலந்து தன் வாயுவைக் கொணரலாம். அன்றி, சுற்றிலும் சூடாக மிதக்கும் வாயு மெல்லக் குளிர்ந்து உள்ளே இறங்கலாம். ஒரே காரணம் எல்லாவற்றுக்கும் பொருந்துவதாக இல்லை. மேலே சொன்ன 3சி 236இன் நடுவிலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளே நீளமுள்ள இளம் இணை ஒன்று உள்ளது. ஹபிள் தொலைநோக்கியின் துணையோடு 2001இல் வெளியான ஆய்வு, அங்கு விண்மீன்கள் வெவ்வேறு காலங்களில் பிறந்திருப்பதைக் காட்டியது. கருந்துளைக்குச் சென்ற வாயு விட்டுவிட்டுச் சென்றது எனும் கருத்துக்கு அது இசைவானது.

இதில் இன்னும் ஆழமான ஒன்று உண்டு. பாயும் தாரை சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி விலக்குகின்றது. சூடான வாயு உள்ளே விழாது. அதாவது, கருந்துளை தன் உணவைத் தானே தள்ளிவிடுகின்றது. பின்பு பசித்து ஓய்கின்றது. ஓய்ந்தபின் வாயு குளிர்ந்து இறங்க, மீண்டும் மூள்கின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைப்பதும், மறுபடி பற்றவைப்பதும் போன்ற நிலை. இந்த மூளலும் ஓய்தலும் அம்மண்டலம் முழுமைக்கும் விதியாக அமைகின்றது. விண்மீன்கள் குளிர்ந்த வாயுவிலிருந்தே பிறப்பன. வாயுவைத் தாரை சூடாக்கிக்கொண்டே இருந்தால் புதிய விண்மீன்கள் பிறப்பது அருகும். பெரிய மண்டலங்கள் பல ஏன் மேலும் மேலும் வளராமல் நின்றன என்பதற்கு விடை தேடுவோர், இவ்வூற்றுகள் எத்தனை முறை திறந்து மூடின என்பதை எண்ணுவது அதனால்தான்.

நம் பால்வழியும் இதற்கு முற்றிலும் புறம்பானதாகத் தெரியவில்லை. அதன் நடுவில் ஏறத்தாழ 40 இலட்சம் கதிரவன்களின் நிறையுள்ள கருந்துளை அமைதியாக உள்ளது. ஆனால் 2010இல், நம் மண்டலத்தின் தட்டுக்கு மேலும் கீழும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுகள்வரை உயர்ந்த இரு குமிழிகள் கண்டறியப்பட்டன. முன்னொரு காலத்தில் அக்கருந்துளை பொங்கியதன் சுவடாக அவை இருக்கலாம் என்பது ஒரு கருத்து. விண்மீன் பிறப்பின் கொந்தளிப்பே காரணம் என்பாரும் உளர்.

சொல்லைக் காப்போம்

இப்போது ஆசிரியையின் வினாவுக்குத் திரும்புவோம். அக்கருந்துளை இறக்கவில்லை, ஆதலின் எழவுமில்லை. அது உணவின்றி ஓய்ந்திருந்தது; உணவு கிடைத்ததும் மூண்டது. நீறு பூத்த நெருப்பை ஊதினால் கனல்வதை எவரும் உயிர்ப்பு என்று கூறார். நம் விசுவாசம் ‘உயிர்ப்பு’ எனும் சொல்லால் குறிப்பது, உண்மையாகவே இறந்தவர் இனி இறவாத வாழ்வுக்கு எழுந்ததையே. கருந்துளையோ மூண்டு, ஓய்ந்து, மூண்டு, மறுபடியும் ஓயும். இரண்டையும் ஒன்றாக்கினால் அறிவியலுக்கும் நேர்மையில்லை, விசுவாசத்துக்கும் பெருமையில்லை. வகுப்பில் அமர்ந்துள்ள பிள்ளை நாளை கல்லூரியில் பௌதிகம் படிக்கும். நாம் சான்று எனக் கொடுத்தது சான்றன்று என்பதை அன்று அது கண்டுகொள்ளும். அப்போது சான்றோடு சேர்த்து, நாம் கற்பித்த மற்றவற்றையும் அது ஐயுறுமாயின், குற்றம் யாருடையது?

குரு லெமைத்ர் இதில் நமக்கு நல்ல முன்மாதிரி. தம் ஆய்வு முடிவுகளைப் படைப்பு பற்றிய விசுவாசத்துக்கு நிரூபணமாகக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. வான்நூலை வான்நூலாகவே செய்தார். திருப்பலியைத் திருப்பலியாகவே நிறைவேற்றினார்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு இதில் கற்பிக்க ஒன்றுமில்லையா? உண்டு. ஜே1453+3308இலிருந்து நம்மை எட்டிய அலைகள் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டவை. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிழற்படம். அதைக் கொண்டே, பாய்ந்தது, நின்றது, ஓய்ந்தது, மீண்டும் பாய்ந்தது எனும் நீண்ட வரலாற்றை மனிதர் படித்துவிட்டனர். தலைப்பை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல், ஈரம் எங்கே, உலர்ந்தது எங்கே எனத் தொட்டுப் பார்த்த பொறுமை அது. நடு ஊற்று இருண்டிருக்கும் காலத்தில் நோக்கியிருந்தால், ‘இது அணைந்தது’ என்று எவரும் தீர்ப்பிட்டிருப்பர். நீண்ட அலைகளைக் கேட்கத் தெரிந்தவரே பழைய மடல்களின் மெல்லிய முனகலைக் கேட்டு, ‘இது ஒருகாலத்தில் பாய்ந்தது, இனியும் பாயலாம்’ என்று கூற வல்லவர். அந்த நிதானத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது சான்று தேடுவதைவிட மேலானது.

ஆர்வமுள்ள இளைஞர்க்கு ஒரு செய்தி. மேற்சொன்ன ஆனந்த ஹோதா 2013இல் ‘ராட் அட் ஹோம்’ எனும் முயற்சியைத் தொடங்கினார். அறிவியல் கற்ற மாணவரும் பொதுமக்களும் பயிற்சி பெற்று, கோடாட்டுத் தட்டுகள் எடுத்த படங்களில் புதியவற்றைத் தேட அது வழிசெய்கின்றது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழுந்துவரும் மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்திலும் நம் நாடு பங்கேற்கின்றது. அங்கே பணிபுரியும் கைகளுள் நெல்லைச் சீமையின் கைகளும் இருக்கட்டும்.

கருவியில்லாதவர்க்கும் வானம் திறந்தே உள்ளது. மே மாத முன்னிரவில் தென்திசையை நோக்குங்கள். வடநாட்டார் பலர்க்குத் தாழ்ந்தே தோன்றும் சென்டாரஸ் விண்மீன் குழு, நம் ஊர் வானில் நன்றாக உயர்ந்து நிற்கும். அங்கே ‘சென்டாரஸ் ஏ’ எனும் மண்டலம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இருண்ட இடத்தில் நல்ல இருகண் தொலைநோக்கியில் அது சிறு புகைத்திட்டாகத் தெரியும். அதன் நடுவில் இளம் மடல்கள். வெளியே மிகப் பெரிய முதிய மடல்கள். ரேடியோ அலைகளைக் காணும் கண் நமக்கு வாய்த்திருப்பின், அம்முதிய மடல்கள் முழுநிலவைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு நீளத்துக்கு வானில் விரிந்திருப்பதைக் காண்போம். நம் ஊனக் கண்ணுக்கு அவ்விடம் வெற்றிருளே. ஒன்றும் இல்லை என்று நாம் கடந்துபோகும் இடங்களில் எத்துணை நடந்து முடிந்திருக்கின்றது, எத்துணை மீண்டும் தொடங்கியிருக்கின்றது என்பதைப் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் நின்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.